ரெகுலேட்டர் தகராறு செய்தால்: முக்குளிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் ஸ்கூபா பழகிய தமிழர்கள் இப்போது நிறையப் பேர். தியோமான் தீவுக்கோ பெர்ஹெந்தியான் தீவுக்கோ போகும் படகில், ஒரு முக்குளிப்பு முடிந்து அடுத்ததற்குக் காத்திருக்கும் நேரத்தில், பேச்சு எப்படியும் சிலிண்டர் காற்றை நாம் சுவாசிக்கும்படி தரும் கருவியான ரெகுலேட்டரில் வந்து நிற்கும். ஒழுகுகிறது, சீறுகிறது, உதிரிபாகம் கிடைக்கவில்லை, கம்பெனிக்கு எழுதினால் பதில் இல்லை. ஒரே பதிலைப் பத்துப் பேரிடம் சொல்வதைவிட எழுதி வைப்பது எளிது என்று தொகுத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் இது.

ரெகுலேட்டர் என்றால் வாயில் கடித்துக்கொள்ளும் அந்தப் பகுதி மட்டும்தானே?

இல்லை. சிலிண்டர் வால்வில் மாட்டும் கனத்த உலோகப் பகுதிதான் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். நிறைந்த சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம் இருக்கும் (ஒரு ‘பார்’ என்பது ஏறக்குறையக் கடல்மட்டக் காற்றின் அழுத்தம்). ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி இறக்குகிறது. அந்தக் காற்று ஹோஸ் வழியாக வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜுக்கு வருகிறது. நீங்கள் மூச்சை இழுக்கும்போது மட்டும் அது திறந்து, நீரின் அழுத்தத்துக்குச் சமமான காற்றைத் தருகிறது. மஞ்சள் நிறத்தில் தொங்கும் ‘ஆக்டோபஸ்’ என்பது, உடன் வருபவருக்கான இன்னொரு செகண்ட் ஸ்டேஜ்.

நடுவில் உள்ள அந்த 9, 10 பாரைக் கீழே ‘இடை அழுத்தம்’ என்று குறிப்பிடுகிறேன். பாதிக் கோளாறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

கடலுக்கடியில் திடீரென்று காற்று நின்றுவிட்டால்? அம்மா இதைக் கேட்டுக் கேட்டே என்னை அனுப்ப மறுக்கிறார்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: இன்று விற்பனையில் உள்ள ரெகுலேட்டர்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் செகண்ட் ஸ்டேஜ் வால்வு காற்றோட்டத்தின் திசையிலேயே திறக்கும்படி அமைந்திருக்கிறது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் கெட்டு இடை அழுத்தம் ஏறினால் வால்வு தள்ளித் திறந்துகொள்ளும். அதாவது காற்று நிற்காது, அளவுக்கு மீறிக் கொட்டும். அதுவும் தொல்லைதான், ஆனால் அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டே மேலே வரலாம்.

காற்று நின்றதாகச் சொல்லப்படும் சம்பவங்களை விசாரித்தால் பெரும்பாலும் ரெகுலேட்டர் குற்றவாளியாக இருக்காது. சிலிண்டர் காலியாகியிருக்கும். அல்லது படகோட்டி வால்வைப் பாதி திறந்ததோடு விட்டிருப்பார். மேலே சரியாக இருப்பது போலவே இருக்கும், 20 மீட்டரில் இரண்டு பேருடைய காற்றும் தேவைப்படும்போது திணறும். இதைப் படகிலேயே கண்டுபிடிக்கலாம். அழுத்தமானியைப் பார்த்தபடி நான்கைந்து முறை நன்றாக மூச்சிழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே விழுந்து எழுந்தால் வால்வு சரியாகத் திறக்கவில்லை, அல்லது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வடிகட்டி அடைத்திருக்கிறது. முள் அசையாமல் நிற்க வேண்டும். காற்று உண்மையிலேயே நின்றுபோகும் ஒரு வகைக் கோளாறு உண்டு. அதை ஹோஸ் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

நீரில் குதித்ததும் ஆக்டோபஸ் தானாகச் சீறுகிறது. புதிதாக வாங்கியது, திருப்பிக் கொடுக்கலாமா?

பொறுங்கள். வாய்ப்பகுதி மேல்நோக்கி இருந்தால் உள்ளே உள்ள காற்று வெளியேறி, மறுபக்கத்து ரப்பர்த் தகட்டை நீர் அழுத்தும், வால்வு திறந்துகொள்ளும். வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கித் திருப்பினால் நின்றுவிடும். பக்கவாட்டில் நெம்புகோல் இருந்தால் குதிக்கும் முன் அதைக் குறைந்த நிலையில் வையுங்கள். இரண்டும் செய்த பிறகும் சீறினால் கடைக்குப் போகலாம்.

சிலிண்டரில் மாட்டிச் சும்மா வைத்திருக்கும்போதே சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘புஸ்’ என்கிறது. பர்ஜ் பொத்தானை (செகண்ட் ஸ்டேஜின் முகப்பில் இருப்பது, அழுத்தினால் காற்று கொட்டும்) தட்டினால் நின்றுவிடுகிறது. இப்படியே பயன்படுத்தலாமா?

கூடாது. பலரும் ‘தட்டினால் சரியாகிவிடுகிறது’ என்று மாதக்கணக்கில் ஓட்டும் கோளாறு இதுதான். சமையலறைக் குழாயில் வாஷர் தேய்ந்தால் மூடிய பிறகும் சொட்டுகிறதே, அதே கதை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் சிலிண்டரின் முழு அழுத்தத்தையும் அடைத்து நிறுத்தும் சிறிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கிறது. அதை ‘சீட்’ என்பார்கள். அதில் கீறலோ பள்ளமோ விழுந்தால் அது முழுதாக அடைக்காது. இடை அழுத்தம் 10 பாரில் நிற்காமல் 11, 12 என்று ஊர்ந்து ஏறும். செகண்ட் ஸ்டேஜ் தாங்கும் எல்லை வந்ததும் ‘புஸ்’ என்று கொஞ்சம் வெளியேறும், மறுபடி ஏறத் தொடங்கும். பர்ஜ் பொத்தானைத் தட்டும்போது சேர்ந்த அழுத்தத்தை வெளியேற்றிவிடுகிறீர்கள், அவ்வளவுதான். காரணம் அப்படியே இருக்கிறது.

சத்தம் செகண்ட் ஸ்டேஜிலிருந்து வருவதால் பலரும் அதைத்தான் பழுதுபார்க்கக் கொடுப்பார்கள். நோய் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இருக்கிறது. இதை உறுதிசெய்ய மிதவைச் சட்டைக்குக் காற்று போகும் ஹோஸின் முனையில் பொருத்தும் ஒரு சிறிய அழுத்தமானி போதும், விலையும் அதிகமில்லை. பொருத்தி, ஓரிரு முறை மூச்சிழுத்துவிட்டு, முள்ளைச் சில நிமிடங்கள் கவனியுங்கள். ஓரிடத்தில் பட்டென்று நின்றால் சீட் நன்றாக இருக்கிறது. மெல்ல ஏறிக்கொண்டே போனால் அன்று அந்த ரெகுலேட்டரோடு இறங்க வேண்டாம். நான் ஒருவருக்கு ஒரே ஒரு கருவி வாங்கித் தரலாம் என்றால் டார்ச்சைவிட இதைத்தான் வாங்கித் தருவேன்.

இடைவெளி விடாமல் மெல்லியதாகச் சீறிக்கொண்டே இருந்தால் அது வேறு: செகண்ட் ஸ்டேஜின் சொந்த சீட் தேய்ந்திருக்கலாம், அல்லது டெக்னீஷியன் அதை மிக மென்மையாகத் திறக்கும்படி சரிசெய்திருக்கலாம்.

மூச்சிழுத்தால் காற்றோடு உப்புத் தண்ணீரும் வருகிறது, ஏன்?

முதலில் வாய்ப்பகுதி ரப்பரைப் பாருங்கள். கடித்துக் கடித்து, பிளாஸ்டிக் பட்டை கட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கிழிந்திருக்கும். விரலால் விரித்துப் பார்த்தால்தான் தெரியும். அது நன்றாக இருந்தால் மூச்சு வெளியேறும் மெல்லிய வால்வில் மணலோ தலைமுடியோ சிக்கியிருக்கும். சிலிண்டர் மூடிய நிலையில், ஹோஸில் காற்று இல்லாதபோது வாயில் வைத்து இழுத்துப் பாருங்கள். எதுவும் வரக்கூடாது, உதடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கொஞ்சமாவது காற்று வந்தால் அதே வழியில் தண்ணீரும் வரும்.

பின்னல் வேலைப்பாடுள்ள வண்ண ஹோஸ் வாங்கலாமா? மடங்காது, நீண்ட நாள் வரும் என்கிறார்கள்.

வளைந்துகொடுக்கும், எடையும் குறைவு, உண்மைதான். ஆனால் நம் ஊர் வெயிலுக்கும் ஈரப்பதத்துக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இத்தகைய ஹோஸ்கள் சிலவற்றின் உள்குழாய் பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கால் ஆனது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பிளாஸ்டிக் சிதைந்து, உட்புறத்தில் மஞ்சள் நிறப் படிகங்கள் சேர்வதுண்டு. அவை செகண்ட் ஸ்டேஜுக்குப் போகும் வழியை அடைத்துவிடும். முக்குளிப்போர் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பின்னல் பளபளவென்றுதான் இருக்கும். காற்று நின்றுபோகும் கோளாறு என்று இரண்டாவது கேள்வியில் சொன்னது இதைத்தான்.

அதனால் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஹோஸ்களைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் பொடியோ துகளோ ஒரு துளி தெரிந்தாலும் அந்த ஹோஸ் குப்பைக்குத்தான். இழுத்த மூச்சு வழக்கத்தைவிடக் கனமாகத் தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். பழைய கறுப்பு ரப்பர் ஹோஸும் நிரந்தரமில்லை. உலோக முனையை ஒட்டி வெடிப்பு வரும், அதன் மேல் அழகுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறை வெடிப்பை மறைத்து உப்பையும் தேக்கி வைக்கும். உறையை நகர்த்திப் பாருங்கள். செகண்ட் ஸ்டேஜுக்குப் போகும் ஹோஸ் அறுந்தால் நிறைந்த சிலிண்டர்கூட ஓரிரு நிமிடங்களில் காலியாகிவிடும்.

‘குளிர்நீருக்கும் ஏற்றது’ என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். நமக்கு எதற்கு?

ஐரோப்பியத் தரம் இஎன் 250இன்படி குளிர்நீர்ச் சோதனை 4 டிகிரியில் நடக்கிறது. அதில் தேறாதவற்றின் மேல் 10 டிகிரிக்கு மேற்பட்ட நீருக்கு மட்டும் என்ற குறி இருக்கும். நம் கடல் 28, 30 டிகிரி. உறைந்து சீறும் பிரச்சினை நமக்கு இல்லை.

ஆனாலும் ஒரு காரணத்துக்காகப் பரிசீலிக்கலாம். குளிர்நீர் மாடல்கள் பலவற்றில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் ஸ்பிரிங் பகுதி வெளிநீர் புகாமல் மூடப்பட்டிருக்கும். கலங்கிய நீரும் சேறும் உப்பும் உள்ளே போகாது. கழுவுவதில் சோம்பல் உள்ளவர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் வீணில்லை.

சரி, எப்படிக் கழுவ வேண்டும்?

கடைசி முக்குளிப்பு முடிந்ததும் சிலிண்டரில் மாட்டி, காற்று திறந்திருக்கும்போதே நன்னீரில் முக்கி எடுப்பதுதான் சிறந்தது. அப்போது பர்ஜ் பொத்தானை அழுத்தினாலும் தண்ணீர் உள்ளே போகாது. கழற்றிய பிறகு கழுவினால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியைத் துடைத்து உலர்த்தி இறுக்கமாக மாட்டுங்கள். பர்ஜ் பொத்தானைத் தொடவே வேண்டாம். தொட்டால் தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்வரை போகும். தங்குவிடுதிகளில் எல்லோரும் முக்கும் பொதுத் தொட்டி மாலையில் பாதி உப்புத் தண்ணீராகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து குழாய்நீரில் ஒருமுறை ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். கார் பின்பெட்டியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.

ஆண்டுதோறும் சர்வீஸ் அவசியமா, இல்லை கடைக்காரர்கள் காசு பறிக்கும் வழியா?

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சில நிறுவனங்கள் ஓராண்டு அல்லது 100 முக்குளிப்பு என்கின்றன. வேறு சில, ஆண்டுக்கொரு பரிசோதனை, ஈராண்டுக்கொரு முழு சர்வீஸ் என்று தளர்த்தியிருக்கின்றன. உங்கள் கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள். கடைச் சுவரில் ஒட்டியிருப்பதை அல்ல. ஆண்டுக்குப் பத்து முறை மட்டும் இறங்குபவர் ‘நான் பயன்படுத்தவே இல்லையே’ என்பார். உப்பும் ஈரமும் அலமாரியிலும் வேலை செய்யும். பயன்படுத்தாத ரெகுலேட்டரில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து, உலோகம் பச்சை பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். நவம்பர் முதல் பிப்ரவரிவரை கிழக்குக் கரைத் தீவுகள் மழைக்காலத்தால் மூடிக்கிடக்கும். நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். நம்மவர்களுக்குத் தைப்பூசம் முடிந்த பிறகுதான் ரெகுலேட்டர் நினைவு வரும். அப்போது ஊரே வரிசையில் நிற்கும், அவசரத்தில் செய்த வேலை அவசரமாகத்தான் இருக்கும். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குக் கூரியரில் அனுப்புபவர்கள் இன்னும் முன்னதாகவே அனுப்ப வேண்டும்.

சர்வீஸ் முடிந்து வந்த மறுவாரமே ஒழுகுகிறது. முன்பு நன்றாகத்தானே இருந்தது! ஏமாற்றிவிட்டார்களா?

அவசியம் ஏமாற்று என்று சொல்ல முடியாது. புது சீட் முதல் சில முக்குளிப்புகளில் கொஞ்சம் அமுங்கிப் படியும், அப்போது இடை அழுத்தம் சற்று நகரும். நல்ல டெக்னீஷியன் சர்வீஸ் முடிந்ததும் அழுத்தத்தில் வைத்துப் பலமுறை திறந்து மூடி, மறுநாளும் அளந்து பார்த்துத்தான் தருவார். அப்படிச் செய்யாதவரிடமிருந்து வந்தால் அந்த வேலையை உங்கள் விடுமுறையில் நீங்கள் செய்ய வேண்டியிருக்கும்.

அதனால் பயணத்துக்கு முந்தின வாரம் சர்வீஸ் செய்வது, செய்யாமல் போவதைவிடச் சிறந்தது என்று நான் நினைக்கவில்லை. இடையில் ஒருமுறையாவது நீச்சல் குளத்தில் பயன்படுத்திப் பாருங்கள். மேலே சொன்ன அழுத்தமானிச் சோதனையையும் செய்யுங்கள். கோளாறு தெரிந்தால் ரசீதோடு உடனே திரும்பப் போங்கள். இதற்கு மறுபடி கூலி கேட்பவரிடம் அடுத்த ஆண்டு போகாதீர்கள்.

நல்ல டெக்னீஷியன் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு எந்திரம் பற்றி ஒன்றும் தெரியாது.

மூன்றே விஷயம் கேளுங்கள். சர்வீஸுக்கு முன்பும் பின்பும் இடை அழுத்தம் எவ்வளவு என்று தாளில் எழுதித் தருவாரா? மாற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டுத் தருவாரா? என் மாடலுக்கு அந்த நிறுவனத்தின் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா? முதல் கேள்விக்கே முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

பழைய பாகங்களில் நீங்களே படிக்கக்கூடியது ஒன்று உண்டு. ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் காற்று நுழையும் வாயில் பொத்தான் அளவுக்கு ஒரு வெண்கல வடிகட்டி இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பச்சையாக இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மூடியை ஈரத்தோடு மாட்டியிருப்பீர்கள். செம்பழுப்புப் பொடி என்றால் நீங்கள் வாடகைக்கு எடுத்த ஏதோ ஓர் எஃகு சிலிண்டரின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறது. கறுப்பு என்றால் காற்று நிரப்பும் கம்ப்ரசரின் எண்ணெயோ கரித்தூளோ வந்திருக்கிறது. அந்த இடத்தில் இனிக் காற்று நிரப்பாதீர்கள்.

‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது ‘சீட்’ மாற்றப் பணம் கேட்கிறார்கள்!

அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். வாழ்நாள் உத்தரவாதம் பொதுவாக உற்பத்திக் குறைபாட்டுக்குத்தான். அதுவும் முதல் உரிமையாளருக்கு, அங்கீகரித்த முகவரிடம் வாங்கியிருந்தால், சர்வீஸ் ரசீதுகள் விடுபடாமல் இருந்தால். சீட், ஓ-ரிங், வடிகட்டி எல்லாம் தேயும் பொருள் என்று ஒதுக்கியிருப்பார்கள். உதிரிபாகம் இலவசம் என்ற சலுகை தனி. அதிலும் கூலி உங்களுடையது. அந்தச் சலுகையை நிறுவனங்கள் பின்வாங்கிக்கொள்வதும் உண்டு. ஒரு ரசீதைத் தொலைத்தாலும் உரிமை போய்விடலாம். வாங்கிய அன்றே எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டு இணையக் கடையில் கணிசமாக மலிவு. வாங்கினால் என்ன?

பொருள் அதே பொருளாகத்தான் இருக்கும். ஆனால் இங்குள்ள முகவருக்கு அந்த விற்பனையில் காசு இல்லை, உத்தரவாத வேலையை ஏற்கும் கடமையும் பெரும்பாலும் இல்லை. அந்தப் பிராண்டுக்குக் கோலாலம்பூரில் தனியாக ஒரு நல்ல டெக்னீஷியன் இருந்து, சர்வீஸ் கிட் (சர்வீஸில் மாற்றும் பாகங்களின் தொகுப்பு) அவருக்குக் கிடைக்கும் என்றால் வாங்கலாம். இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த பணம் இரண்டே சர்வீஸில் கூரியருக்குப் போய்விடும்.

என் பிராண்டையே வேறு கம்பெனி வாங்கிவிட்டதாம். இனி பாகம் கிடைக்குமா?

இந்தத் தொழிலில் கைமாறுவது வாடிக்கை. 1943இல் கூஸ்தோவும் காக்னானும் உருவாக்கிய கருவியின் பெயரைத் தாங்கிய ஆக்வாலங், இப்போது மாரெஸ் பிராண்டை வைத்திருக்கும் ஹெட் குழுமத்தின் கையில் இருக்கிறது. ஏரிஸ் என்ற பிராண்ட் ஓஷியானிக்கோடு இணைந்து மறைந்தது. பிறகு ஓஷியானிக்கும் வேறு கைக்குப் போனது. பெரிய பெயர், அதிகம் விற்ற மாடல் என்றால் கவலை குறைவு. பாகங்கள் ஆண்டுக்கணக்கில் வரும். சில நேரம் ஒரே உட்பாகம் இரண்டு பிராண்டுகளுக்குப் பொருந்தும், டெக்னீஷியனுக்கு அது தெரிந்திருக்கும்.

ஆபத்து இருப்பது குறைவாக விற்ற, ‘புதுமை’ என்று விளம்பரம் செய்த மாடல்களில். பெயர் சொல்ல விரும்பாத ஒரு முகவர், அப்படிப்பட்ட என் ஃபர்ஸ்ட் ஸ்டேஜை ஒரு சீட் வருவதற்காக ஒரு பருவம் முழுக்க அலமாரியில் வைத்திருந்தார். ‘ஆர்டரில் இருக்கிறது’ என்ற பதிலைத் தவிர வேறு பதில் வரவில்லை. கடைசியில் பழைய, சாதாரண மாடல் ஒன்றை வாங்கி நிம்மதியாக இருக்கிறேன்.

முகவரும் பதில் தரவில்லை, கம்பெனியும் பதில் தரவில்லை. சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆவது பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கும்படி உற்பத்தியாளர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. உற்பத்தியாளருக்கு இங்கே அலுவலகம் இல்லாவிட்டால் இறக்குமதி செய்பவரோ விநியோகிப்பவரோ அந்த இடத்தில் வைத்துப் பார்க்கப்படுவார். ‘கம்பெனி இத்தாலியில் இருக்கிறது, நான் என்ன செய்ய’ என்பது முழுப் பதில் ஆகாது. வாங்கும்போதே ‘பாகம் கிடைக்காது’ என்று தெரிவித்திருந்தால் மட்டும் அந்த உரிமை நழுவும்.

முதலில் தேதியிட்டு எழுத்தில் கேளுங்கள், பதிலுக்கு அவகாசம் கொடுங்கள். பிறகு பயனீட்டாளர் தீர்ப்பாயம். கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கையின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட், பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பினாங்கில் இருப்பவர்கள் அதற்கு முன் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். தனியாரிடம் வாங்கிய பழைய பொருளுக்கும், வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கியதற்கும் இந்த வழி அநேகமாக உதவாது.

குறைபாடு என்று கம்பெனி திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் நமக்கு யார் சொல்வார்கள்?

நம்பி இருக்க முடியாது. வாங்கியதும் வரிசை எண்ணை நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்யுங்கள். ஆண்டுக்கொருமுறை அந்தத் தளத்தின் பாதுகாப்பு அறிவிப்புகளையும், அமெரிக்கப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலையும் மாடல் பெயர் போட்டுத் தேடுங்கள். அந்த ஆணையம் முக்குளிப்புக் கருவிகளையும் பட்டியலிடுகிறது. இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கு எந்தக் கடிதமும் வராது.

அப்படியென்றால் எந்தப் பிராண்ட்தான் வாங்குவது? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

பெயர் சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனங்களின் நடுத்தர மாடல்கள் எல்லாமே நம் ஆழங்களுக்குப் போதுமானவை. டெக்னீஷியனை முதலில் தேர்ந்தெடுங்கள். பிறகு அவர் அதிகம் பிரித்துப் பூட்டும் மாடலை வாங்குங்கள். அவரிடம் அந்த மாடலின் சர்வீஸ் கிட் இன்று இருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘வரவழைக்கலாம்’ என்றால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.

மாமா பழைய ரெகுலேட்டரைச் சும்மா தருகிறார். பத்தாண்டு அலமாரியில் இருந்தது. வாங்கிக்கொள்ளலாமா?

மாமாவுக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் வாயில் வைக்கும் முன் மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் டெக்னீஷியனுக்கு அனுப்புங்கள். கிட் கிடைக்கும் என்றால் முழு சர்வீஸ், எல்லா ஹோஸ்களும் புதிது, இவ்வளவும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். பல நேரம் அந்தத் தொகை புதிய சாதாரண மாடலின் விலைக்கு அருகில் வந்துவிடும். கிட் கிடைக்காது என்றால் அது ஓர் அழகான நினைவுப் பொருள், கடலுக்கு வேண்டாம்.

எல்லாம் பார்த்த பிறகும் 25 மீட்டரில் சீறத் தொடங்கினால்?

அடிப்படைப் பயிற்சியில் 30 விநாடி பழகினீர்களே, அதேதான். வாயை இறுக்கி மூடாமல், பக்கவாட்டில் காற்று வெளியேற விட்டு, தேவையானதை மட்டும் உறிஞ்சுங்கள். கூட வருபவருக்குக் கைகாட்டி, அவருடைய ஆக்டோபஸுக்கு மாறி, இருவரும் சேர்ந்து ஏறுங்கள். அங்கே அழுத்தம் மூன்றரை மடங்கு. உங்கள் சிலிண்டர் காலியாகும் வேகம் உங்களை மிரளவைக்கும், அதனால் ‘கொஞ்சம் பார்ப்போம்’ என்று காத்திருக்க வேண்டாம். மேலே வந்ததும் வால்வை மூடி, அந்த ரெகுலேட்டரை அன்றைக்கு ஓரமாக வைத்துவிட்டு, படகில் உபரி இருந்தால் அதைக் கேளுங்கள்.